வாந்தி வந்தால் ஜெயம்

எங்கள் கபடி டீமில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால், பாடிப் போகிற எங்கள் ரைடர் வாந்தி எடுத்தால் ஜெயிப்போம், எடுக்காவிட்டால் தோற்போம். இன்றைக்கு எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. அன்றைக்கு அது எங்களுக்குச் சூடம் ஏற்றுவது, தேங்காய் உடைப்பது மாதிரி ஒரு சாதாரண விஷயம்.

என் வயதுக்காரர்கள், அதிலும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் படித்தவர்கள், இதைப் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நானும் போன மாதம் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இந்தக் கதையைச் சொல்லிவந்தேன். கல்யாண வீடுகளில் சொன்னேன், கம்பெனி பஸ்ஸில் சொன்னேன், முட்டிவலிக்குக் கரண்ட் வைக்கிற இடத்தில் பக்கத்துப் படுக்கைக்காரியிடம்கூடச் சொன்னேன். சொல்லச் சொல்ல நன்றாகவே மெருகேறியது. போன மாதம் மீஞ்சூர் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு விஷயம் கேட்டேன். அதற்கப்புறம் இதை யாரிடமும் வாயால் சொல்ல முடியவில்லை.

ஒன்பதாவது படித்த வருஷம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரோலிங் மில்லின் மதில். இரும்புக் கட்டிகளை உலையில் பழுக்கக் காய்ச்சி, உருளைகளுக்கு நடுவில் விட்டு இழுத்து, வீடு கட்டுகிற கம்பியாக்கும் இடம் அது. மதிலில் ஒரு செங்கல் பெயர்ந்த ஓட்டை இருந்தது. அதில் கண்ணை வைத்தால் உள்ளே சிவப்புக் கம்பி ஓடுவது தெரியும். ஆட்கள் முழங்கால் வரைக்கும் ஈரக் கோணியைச் சுற்றிக்கொண்டு, டயர் செருப்போடு, கையில் நீள இடுக்கியோடு நிற்பார்கள். உருளையிலிருந்து பாய்ந்து வருகிற கம்பியின் தலையை இடுக்கியால் கவ்வி, உடம்பையே ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த உருளையின் வாய்க்குள் திருப்பி விட வேண்டும். கொஞ்சம் தவறினாலும் கம்பி தன் இஷ்டத்துக்குப் பாயும். அதை வேடிக்கை பார்ப்பதற்கு எங்களுக்குள் சண்டை நடக்கும். ஒருத்தி மட்டும் அந்த ஓட்டைப் பக்கமே வர மாட்டாள். அவள்தான் எங்கள் ரைடர்.

அவளுடைய அப்பா அங்கே இடுக்கி பிடிக்கிறவர். நைனா என்று கூப்பிடுவாள், ஆந்திர எல்லையோரத்துக் குடும்பம். அம்மா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். மில்லுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். சோறு ஆக்குவது, துணி துவைப்பது, ரேஷனில் நிற்பது எல்லாம் அவள்தான். காலையில் மில்லுக்குள் போகிறவர் ஓ.டி. பார்த்துவிட்டு நன்றாக இருட்டிய பிறகுதான் வருவார். நடுவில் சாயந்தரம் நாஷ்டா நேரத்துக்கு மில்லில் ஒரு சங்கு ஊதும்.

அந்தச் சங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளி விட்டதும் எங்களுக்குக் கபடிப் பயிற்சி. மைதானம் கறுப்பு. மில்லிலிருந்து கொட்டின இரும்புச் செதிலும் சாம்பலும்தான் எங்களுக்கு மண். விழுந்து எழுந்தால் முட்டி, முழங்கை, மூக்குத் துவாரம் எல்லாம் கரி. என் அம்மா என் துணியை மட்டும் வாளியில் தனியாகப் போட்டு, என்னையும் சேர்த்துத் துவைப்பாள். அண்ணன்மாருடைய அரை நிஜாரைப் பாவாடைக்குள் போட்டுக்கொண்டு வருவோம். விசில் ஊதினதும் பாவாடையைக் கழற்றி மடித்து ஒரு மஞ்சள் ரெக்சின் பைக்குள் திணிப்போம். டீமுக்கே அந்த ஒரு பைதான். அதன் ஜிப் வேலை செய்யாது, வாயில் ஊக்கு குத்தியிருக்கும். அது எங்கே போனதென்று இப்போது யாருக்கும் தெரியவில்லை.

பயிற்சி உச்சத்தில் இருக்கும்போது சங்கு ஊதும். எங்கள் ரைடர் எதிர்க்கோட்டுக்குள் பாடிக்கொண்டிருந்தாலும் சரி, பாட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விடுவாள். பூவரச மரத்தடியில் வைத்திருக்கும் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து மில் கேட்டுக்கு ஓடுவாள். திரும்பி வரும்போது கை வீசிக்கொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருவாள். எங்கள் கேப்டன் அக்காவுக்கு இது பிடிக்காது. பத்தாவது படிக்கிற திமிர் வேறு. "உங்க நைனாவுக்கு கால் இல்லியா? ஊட்டுக்கு வந்து துன்னுட்டு போ மாட்டாரா?" என்று கத்துவாள். ரைடர் சிரித்துக்கொண்டே கோட்டில் வந்து நிற்பாள்.

முதல் வாந்தி பொன்னேரியில். அன்றைக்கு எங்களோடு மோதினது பெரிய ஸ்கூல். வரிசையாக நிற்கும்போதே இவள் வாயைப் பொத்திக்கொண்டு காம்பவுண்டு சுவர்ப் பக்கம் ஓடினாள். எங்களுக்கு மானம் போயிற்று. எதிர் டீம் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் இவள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஆடினாள் பாருங்கள், அவர்களுக்குச் சிரிப்பு மறந்துபோனது. அடுத்தது மீஞ்சூர். அங்கேயும் வாந்தி, அங்கேயும் ஜெயம். மூன்றாவது ஆட்டம் எங்கள் பள்ளி மைதானத்திலேயே நடந்தது. ஆரம்பிக்கக் கொஞ்சம் முன்னால் சங்கு ஊதியது. இவள் வழக்கம்போல கேரியரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வாந்தி வரவில்லை. நாங்கள் தோற்றோம்.

அன்றைக்கு வந்தவர்கள் மாவட்டத்திலேயே பெரிய டீம், யார் வாந்தி எடுத்திருந்தாலும் தோற்றிருப்போம். அதை யார் யோசித்தார்கள்? வாந்தி வந்தால் ஜெயம் என்று முடிவாகிவிட்டது. டீமுக்கென்று ஒரு பச்சை பிளாஸ்டிக் மக் வந்தது, அவள் வாய் கொப்பளிக்க. ஆட்டத்துக்கு முன்னால் கேப்டன் அக்கா "ஆச்சா?" என்று கேட்பாள். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு "ஆச்சு" என்பாள். எங்கள் எல்லோருக்கும் உயிர் வரும்.

பெரியவர்களுக்கும் இது தெரிந்தது. ஆளுக்கு ஒரு முடிவு வைத்திருந்தார்கள். பித்தம் என்று கம்பவுண்டர் சிவப்புத் தண்ணீர் கொடுத்தார். கண்ணேறு என்று பக்கத்து வீட்டு அக்கா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். பள்ளிக்கூட ஆயா பெரிய டீச்சரிடம் போய்க் காதைக் கடித்தாள். அந்தப் பிள்ளையைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்க் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டார்கள். பதினாலு வயசுப் பெண். அவள் அழுதுகொண்டு வெளியே வந்ததை நான் பார்த்தேன். ஏன் அழுகிறாள் என்பது எனக்குப் புரிவதற்கு இன்னும் சில வருஷம் ஆயிற்று.

டிரில் மாஸ்டர் மட்டும் அவளைச் சந்தேகப்படவில்லை. அவருக்கு வேறு ஒரு பாடம் இருந்தது. பயப்படுகிறவள்தான் ஜெயிப்பாள் என்பார். பயம் வயிற்றில் இருக்க வேண்டும், காலுக்கு இறங்கக் கூடாது என்பார். இவள் பயம் வயிற்றிலேயே நின்று வாய் வழியாக வெளியே போய்விடுகிறது, கால் சுத்தமாக இருக்கிறது, அதனால்தான் ஜெயிக்கிறாள் என்று போர்டில் மனுஷ உருவம் வரைந்து எங்களுக்கு விளக்கினார். கெட்ட மனுஷர் என்று சொல்ல வரவில்லை. வெளியூர் ஆட்டங்களுக்குத் தன் கைக்காசைப் போட்டுப் பன் வாங்கிக் கொடுத்தவர், ஆண் வாத்தியார் என்று ஒரு பெற்றவரும் முகம் சுளிக்காதபடி நடந்துகொண்டவர். நல்லவர்கள் செய்வதைக் கண்டால்தான் எனக்கு இப்போதெல்லாம் திக்கென்று இருக்கிறது.

எங்கள் பக்கம் ஆயுத பூஜை தீபாவளிக்கு மேல். கம்பெனி கேட்டுகளில் வாழை மரம் கட்டுவார்கள், லாரிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், ரோடு முழுக்க உடைத்த பூசணிக்காய் கிடக்கும். அந்த வாரத்தில் கம்பெனிகள் சேர்ந்து டோர்னமெண்ட் வைக்கும். அந்த வருஷம் முதல்முறையாகப் பெண் பிள்ளைகளுக்கும் கபடி வைத்தார்கள். நாங்கள் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். பூஜைக்கு முந்தின நாள் சாயந்தரம், மில்லை ஒட்டின மைதானத்தில் ஆட்டம்.

அதற்குள் ஒரு செய்தி வந்தது. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலிலிருந்து ஒரு கோச்சம்மா வருகிறார்கள், ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள். எடுத்தால் பன்னிரண்டாவது வரைக்கும் சோறு, படிப்பு, ஷூ எல்லாம் அவர்கள் பொறுப்பு. அப்புறம் போலீஸிலோ ரயில்வேயிலோ வேலை. எங்கள் ரைடருக்கு அது கிடைத்தே ஆக வேண்டும். கிடைக்காவிட்டால் அவளைப் பொதட்டூர்பேட்டையில் இருக்கிற சித்தி வீட்டுக்கு அனுப்பி, சித்தியின் தம்பிக்கே கட்டிவைப்பது என்று உறவுக்காரர்கள் பேசி முடித்திருந்தார்கள். அந்த மாமனுக்கு அவள் வயதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். அவளுடைய நைனாவுக்கு அதில் இஷ்டமே இல்லை. "எம் பொண்ணு ஹாஸ்டலுக்குப் போவும்" என்று மில் கேட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபைனல் அன்றைக்கு மத்தியானம் அவள் பளிச்சென்று வந்தாள். தலை வாரி, கனகாம்பரம் வைத்து, முகத்துக்குப் பவுடர். எங்களுக்கு இட்லி இறங்கவில்லை. அவள் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள். "ஆச்சா?" என்று கேப்டன் அக்கா கேட்டாள். இல்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டாள். "வரலக்கா, நல்லாக்கீது" என்று சிரித்தாள் ரைடர்.

நல்லா இருக்கிறதாம். பச்சை மக்கில் உப்பைக் கரைத்து நீட்டினோம். ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றாள். ஒருத்தி வேர்வை நாற்றம் பிடித்த சாக்ஸை மோந்து பார்க்கச் சொன்னாள். ஒருத்தி பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டாள், இவளுக்கு வாந்தி வர வேண்டும் என்று. இப்படியும் ஒரு வேண்டுதலைப் பிள்ளையார் கேட்டிருப்பாரா தெரியவில்லை. மாஸ்டர் தூரத்திலிருந்தே கேப்டனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கேப்டன் உதட்டைப் பிதுக்கினாள். அவர் முகம் தொங்கிப்போனது. எங்கோ வேகமாக நடந்து போனார்.

முதல் பாதியில் நாங்கள் பின்னால் போனோம். நான் இடது கார்னர். பிடித்த காலை நழுவ விட்டேன். கேப்டன் அக்கா கோட்டுக்கு வெளியே காலை வைத்து அவுட் ஆனாள். செயின் கையை உதறிக்கொண்டு ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தோம். ரைடர் என்னவோ சுத்தமாகத்தான் ஆடினாள். போனாள், தொட்டாள், வந்தாள். நடுநடுவே கூட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அது எங்கள் கண்ணில் முள்ளாகக் குத்தியது. இவளுக்குப் பயமே இல்லை, வேடிக்கை பார்க்கிறாள், அதனால்தான் தோற்கிறோம் என்று நினைத்தோம். இப்போது ஒவ்வொரு பாயிண்டாக நினைத்துப் பார்க்கிறேன். போன பாயிண்டெல்லாம் எங்களுடையது, அவளுடையது ஒன்றுகூட இல்லை. பயந்தது நாங்கள்.

இடைவேளையில் மாஸ்டர் மில்லின் வாட்ச்மேன் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். காக்கிச் சட்டை, தலையில் தொப்பி. நாங்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். மாஸ்டர் ரைடரின் தோளில் கையை வைத்தார்.

"பதறாம கேளும்மா. உங்க நைனாவுக்கு மில்லுல கம்பி கையில பட்டுடுச்சாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய்க்கிறாங்க. உயிருக்கு ஒண்ணுமில்ல. 'எம் பொண்ண ஆட்டத்த முடிச்சிட்டு வரச்சொல்லு'ன்னு சொல்லிட்டுத்தான் வண்டி ஏறினாராம்."

வாட்ச்மேன் தாத்தா தரையைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டினார்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது, அதைத்தான் பார்த்தேன். ஒரு தடவை கூட்டத்தைப் பார்த்தாள். தலையிலிருந்த கனகாம்பரத்தைப் பிய்த்து எடுத்து என் கையில் கொடுத்தாள். கோட்டில் போய் நின்றாள்.

அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூச்சு விடாமல் பாடினாள். அவ்வளவு சத்தமாக அவள் பாடி நான் கேட்டதே இல்லை, தொண்டை கிழிகிற சத்தம். மூன்று பேர் சேர்ந்து அமுக்கினாலும் இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்தாள். எதிர் டீமில் ஒரு பெண்ணுக்கு உதடு கிழிந்தது. இவள் முழங்கால் தோல் உரிந்து தொங்கியது, பார்க்கவே இல்லை. சீக்கிரம் முடிக்க வேண்டும், முடித்தால் போகலாம், அவ்வளவுதான். கூட்டம் வெறிபிடித்த மாதிரி விசிலடித்தது. கோச்சம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்த்தார்கள். ஜெயித்தோம்.

கடைசி விசில் ஊதின மறுநொடி அவள் ரோட்டைப் பார்த்து ஓடினாள். வெறுங்கால், அரை நிஜார், ஊரே பார்க்கிறது. நாங்கள் பின்னாலேயே ஓடினோம். ரோட்டோரம் சந்தனம் பூசின லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் மறைவிலிருந்து அவளுடைய நைனா வெளியே வந்தார். கையில் பொரிப் பொட்டலம், கோலி சோடா, வாயெல்லாம் சிரிப்பு.

"இன்னாமா ஆடின கண்ணு! லாரி பின்னால நின்னுக்கினு முழுசா பாத்தேன். எதுத்தாப்புல நின்னா உனக்கு பயம் உட்டுப் போயிடும்னு வாத்தியாருதான் மறஞ்சி நிக்க சொன்னாரு. கம்பி பட்டுடுச்சின்னதெல்லாம் சும்மா."

எனக்கு அது மண்டைக்குள் ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது. கம்பி படவில்லை. ஆஸ்பத்திரி இல்லை. மாஸ்டர் சொன்னது பொய், அது அந்த அப்பாவுக்கும் தெரியும்.

அவள் அவருடைய கையிலிருந்து பொட்டலத்தையும் சோடாவையும் வாங்கித் தரையில் வைத்தாள். இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். சட்டைக் கையை மேலே தூக்கிப் பார்த்தாள். பிறகு குனிந்து அவர் காலடியிலேயே வாந்தி எடுத்தாள். அன்றைக்குச் சாப்பிட்டது, அதற்கு முந்தின நாள் சாப்பிட்டது எல்லாம் வந்தது. மாஸ்டர் வந்து நின்று, "லேட்டா வந்தாலும் வந்துடுச்சி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய நைனாவும் சிரித்தார். பயந்த சிரிப்பா, சந்தோஷச் சிரிப்பா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. மகள் ஹாஸ்டலுக்குப் போக வேண்டும் என்று அந்த மனுஷர் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பார். அதையும் செய்தார்.

கப் பெரிய டீச்சர் அறைக்குப் போனது. ஹாஸ்டலில் அவள் பெயரை எழுதிக்கொண்டார்கள், பொங்கல் கழித்து வரச் சொன்னார்கள். மாஸ்டருக்குத் தன் பாடம் நிஜம் என்று ஆகிவிட்டது. பக்கத்துப் பள்ளி டிரில் மாஸ்டர்களுக்கெல்லாம் இந்த யோசனையைச் சொல்லிக் கொடுத்தார் என்று கேள்வி.

அதற்கப்புறம் வெளியூர் ஆட்டம் எதுவும் அமையவில்லை, அவளுக்கு வாந்தியும் வரவில்லை. ஆடவும் வரவில்லை. பாடிக்கொண்டு போவாள், யாராவது தொட்டால் அப்படியே நின்றுவிடுவாள். மாஸ்டர் கத்துவார். "உங்கப்பன் செத்துட்டான்னு நெனச்சிக்கினு ஆடு" என்று ஒரு நாள் சொன்னார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. ஆனால் சாயந்தரச் சங்கு ஊதினால் மட்டும் கேரியரோடு ஓடுவது நிற்கவில்லை.

மழைக்காலம் வந்தது. மைதானமெல்லாம் கறுப்புச் சேறு. ஒரு நாள் மத்தியானம் கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் மில் வாட்ச்மேன் தாத்தா வந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது, தலையெல்லாம் மழை. கணக்கு டீச்சரிடம் ஏதோ சொன்னார். டீச்சர் திரும்பி எங்கள் ரைடரின் பெயரைச் சொன்னார்கள்.

"பாப்பா, நைனாவுக்கு அடிபட்டுடுச்சி. கம்பி எகிறிடுச்சி. கெளம்பும்மா, வண்டியாண்ட இட்டுனு வரச் சொன்னாங்க" என்றார் தாத்தா.

அவள் எழுந்திருக்கவில்லை. நோட்டிலிருந்து தலையை மட்டும் தூக்கினாள்.

"இன்னிக்கு எந்த மேட்சு தாத்தா?"

வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எங்கள் டீம் பிள்ளைகள் நாலைந்து பேர் அந்த வகுப்பில் இருந்தோம், எங்களுக்கும் அது மாஸ்டரின் வேலை என்றுதான் பட்டது. ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன்னால் இவளைச் சரிப்படுத்தப் பார்க்கிறார் என்று நினைத்தோம். தாத்தா என்னென்னவோ சொன்னார். கை கூப்பினார். டீச்சர் அதட்டினார்கள். அவள் அசையவில்லை. போர்டைப் பார்த்துக் கணக்கை எழுதிக்கொண்டே இருந்தாள். தாத்தா அழுதுகொண்டு போனார். அவர் அழுவதைப் பார்த்தும் எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தோம்.

சாயந்தரம் சங்கு ஊதியது. அவள் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மழை தூறியது, நான் குடை பிடித்துக்கொண்டு கூடப் போனேன். வழியெல்லாம் அவள் கலகலவென்று பேசிக்கொண்டு வந்தாள். உள்ளேயிருந்து ஆட்கள் நாஷ்டாவுக்கு வெளியே வந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒவ்வொருவராக ஒதுங்கி நின்றார்கள். அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். வாட்ச்மேன் தாத்தா கூண்டிலிருந்து வெளியே வந்தார். அவள் கேரியரை அவரிடம் நீட்டினாள்.

"நைனாவாண்ட குடுத்துடு தாத்தா. ஆறிடப் போவுது."

அவர் அதை வாங்கவில்லை. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டியில், வழியிலேயே அவளுடைய நைனாவின் உயிர் போயிருந்தது. கேட்டில் வண்டி நிற்கும்போது அவர் நினைவோடுதான் இருந்தாராம். பொண்ணு வருதா, பொண்ணு வருதா என்று கேட்டாராம். அதை அவளிடம் யாரோ ஒரு புண்ணியவான் அங்கேயே நின்று சொன்னான். அவள் கையிலிருந்த கேரியர் கீழே விழுந்து, அடுக்குகள் கழன்று, சாம்பல் சேற்றில் உருண்டன.

ஊர் அவளுக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வைத்தது. பெற்றவன் உயிர் போகும்போது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் என்றது. மாஸ்டர் துக்கத்துக்கு வந்து ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போனார், அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கருமாதி முடிந்ததும் பொதட்டூர்பேட்டைச் சித்தி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். பொங்கல் வந்தது, போனது. ஹாஸ்டலில் அந்த இடத்துக்கு வேறு யாரோ போயிருப்பார்கள்.

இத்தனை நாள் இந்தக் கதையைச் சிரித்துச் சொன்னேன் என்றேனே, நான் சொன்னதெல்லாம் பச்சை மக், உப்புத் தண்ணீர், சாக்ஸ் வரைக்கும்தான். மிச்சத்தைச் சொன்னதில்லை.

போன மாதம் மீஞ்சூரில் ரயிலுக்காக நின்றிருந்தேன். எதிரே ஒருத்தி நடந்து வந்தாள். முகம் அடையாளம் தெரியவில்லை. கோட்டுக்குள் இறங்குகிற மாதிரி தோளை முன்னால் தள்ளி நடந்த அந்த நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். எங்கள் ரைடர். தலை முழுக்க நரை, உடம்பு போட்டிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தோம். வள்ளூரில் மகள் வீட்டோடு இருக்கிறாளாம். அந்த மாமனைத்தான் கட்டினாளாம், போய்ச் சேர்ந்துவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, "நிம்மதி" என்று கண்ணடித்தாள். அவளுக்கு இன்னும் அந்தக் குறும்பு போகவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போது அவள் போன் அடித்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை செய்கிற மகன், வீடியோ கால். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. "கைய காட்டு" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "பாத்துக்கினியா, வெச்சிடறேன்" என்றான். தினமும் இப்படித்தானாம்.

பேச்சை மாற்றுவதற்காக விளையாட்டாகக் கேட்டேன். அவ்வளவு பயந்த பிள்ளை, வாராவாரம் வாந்தி எடுத்தவள், அந்த ஃபைனல் அன்றைக்கு மட்டும் ஏனடி பயப்படவில்லை என்று.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ஆட்டத்துக்கா? கபடிக்கு எவடி பயந்தா?"

அவள் ஏதோ ஊருக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"தெனம் சாயந்தரம் கேட்டாண்ட போயி நைனா கைய ஒரு தபா பாத்துட்டு வருவேன். அப்பத்தான் எனக்கு சோறு எறங்கும். வெளியூர் மேட்சு அன்னிக்கு கேரியர பக்கத்து ஊட்டு அக்கா எடுத்துக்கினு போவும், நான் பாக்க முடியாது. அதான் கொமட்டும்."

"அப்ப அந்த ஃபைனலுக்கு?"

"அன்னிக்கு அவரு லீவு போட்டுட்டு கிரவுண்டுக்கே வரேன்னாருடி. மொத வரிசையில நிக்கறேன்னாரு. மில்லுக்குள்ளயே இருக்க மாட்டாரு இல்ல, எனக்கு இன்னாத்துக்கு வாந்தி வரும்? அப்பால கூட்டத்துல காணோம்னதும், லீவு குடுக்கல போலன்னு நெனச்சிக்கினேன்."

அவளுடைய ரயில் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு, என் கையை ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏறிப் போய்விட்டாள். எனக்கான ரயிலும் வந்தது, போனது. நான் எழுந்திருக்கவில்லை. உள்ளூரில் ஆடின அன்றைக்கு ஏன் வாந்தி வரவில்லை என்பது அங்கே உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. கம்பவுண்டர், ஆயா, பெரிய டீச்சர், மாஸ்டர், கேப்டன் அக்கா, நான், எல்லோரும் அந்த வருஷம் முழுக்க அவள் வயிற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவளிடம் நாங்கள் கேட்டதெல்லாம் "ஆச்சா?" என்பது மட்டும்தான்.